மீன்காட்சியகத்து ஆக்ஸலாட்டல்கள் நலமாக இல்லை என்று தோன்றினால் யாரிடம், எப்படிச் சொல்வது?

கேள்வி: வணக்கம் டாக்டர். அண்மையில் குழந்தைகளோடு ஒரு பொது மீன்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு தொட்டியில் நான்கு ஆக்ஸலாட்டல்கள் (தலையின் இருபுறமும் இறகு போன்ற செவுள்கள் வெளியே நீண்டிருக்கும் நீர்ப் பிராணிகள்) இருந்தன. மேலே பளீரென்று வெள்ளை விளக்கு. அடியில் நீலமும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னக் கூழாங்கற்கள். ஒளிந்துகொள்ள ஒரு பொந்துகூட இல்லை. ஒன்று வாலைத் தூக்கியபடி தண்ணீர்ப் பரப்பில் மிதந்துகொண்டே இருந்தது. முழுக் காட்சியகத்தையும் சுற்றிவிட்டு வந்து பார்த்தபோதும் அப்படியேதான் இருந்தது. இன்னொன்றுக்கு முன்னங்காலில் பாதி இல்லை. மற்ற இரண்டும் அசையவே இல்லை; செவுள்கள் முன்பக்கமாக மடங்கியிருந்தன. அதே தொட்டியில் சின்ன மீன்களும் நீந்திக்கொண்டிருந்தன. வந்தவர்கள் எல்லாம் கண்ணாடியைத் தட்டி, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தார்கள். டிக்கெட் கவுன்ட்டரில் சொன்னேன். "அதுங்க எப்பவும் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். எனக்கு இந்த உயிரினத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான்தான் தேவையில்லாமல் கற்பனை செய்கிறேனா? உண்மையிலேயே பிரச்சினை என்றால் யாரிடம் சொல்வது? எடுத்த வீடியோவைச் சமூக வலைத்தளத்தில் போடலாமா? "அதுங்களைக் கூட்டிட்டுப் போய் ஏரியில விட்டுடலாமே" என்கிறாள் மகள். அவளுக்கு என்ன சொல்ல?

பதில்: கற்பனை இல்லை. ஆனால் நீங்கள் பார்த்த எல்லாமே பிரச்சினையும் இல்லை. சில விஷயங்கள் அந்த உயிரினத்தின் இயல்பு, சில விஷயங்கள் கேள்வி கேட்க வேண்டியவை, ஒன்று மட்டும் அன்றைக்கே யாராவது கவனித்திருக்க வேண்டியது. மூன்றையும் கலந்து ஒரே புகாராக அனுப்பினால், இயல்பாக இருக்கும் ஒன்றை எடுத்துக்காட்டி மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். நீர்வாழ் விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் இப்படிப்பட்ட கடிதங்கள் என் மேசைக்கும் வந்திருக்கின்றன. நல்ல மனசோடு எழுதப்பட்ட கடிதங்கள் வீணாய்ப் போனதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால் முதலில் பிரித்துப் பார்ப்போம்.

அசையாமல் கிடப்பதை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆக்ஸலாட்டல் மீன் இல்லை. பல்லி போலத் தோன்றும் சாலமாண்டர் வகையைச் சேர்ந்த இருவாழ்வி. அதன் உறவு இனங்களில் பலவும் வளர்ந்ததும் செவுளை இழந்து கரையேறிவிடும். இது அப்படி மாறாமல், இளம்பருவத்துச் செவுளோடும் வால் துடுப்போடும் தண்ணீரிலேயே வாழ்ந்து, அந்த உருவத்திலேயே முட்டையும் இடும். துரத்தி வேட்டையாடுகிற பிராணி இல்லை. தரையில் படுத்துக் கிடந்து, இரை வாய்க்கு அருகில் வந்ததும் சட்டென்று வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். சுறுசுறுப்பெல்லாம் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். வளர்ந்த ஆக்ஸலாட்டலுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை தீனி கொடுத்தாலே போதும். ஆகவே பகலில் நீங்கள் நின்ற அரைமணி நேரத்தில் அது நகரவில்லை, சாப்பிடவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த விஷயத்தில் கவுன்ட்டரில் இருந்தவர் சொன்னது சரிதான்.

அதேபோல், எப்போதாவது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போவதும் இயல்பு. அதற்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு, தோல் வழியாகவும் சுவாசிக்கும். அப்புறம் அந்தச் சிரித்த முகம். வாயின் அமைப்பே அப்படி. நன்றாக இருந்தாலும் சாகக் கிடந்தாலும் அந்த முகம் அப்படித்தான் சிரிக்கும். "பாருங்க, எவ்வளவு சந்தோஷமா இருக்கு" என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி உண்மையான கவலைகள்.

முதல் இடம் மிதந்துகொண்டிருந்த அந்த ஒன்றுக்கு. காற்றை விழுங்கிவிட்டுச் சிறிது நேரம் மிதப்பது வேறு. வால் மேலே தூக்கி, கீழே இறங்க முடியாமல் நெடுநேரம் மிதப்பது வேறு. இரண்டாவது வகைக்குக் குடலில் வாயு சேர்ந்திருப்பது, மலச்சிக்கல், கல்லை விழுங்கியதால் வந்த அடைப்பு, நோய்த்தொற்று, தண்ணீர் கெட்டுப்போனது என்று பல காரணங்கள் இருக்கலாம். கண்ணாடிக்கு வெளியே நின்று எது என்று சொல்ல என்னாலும் முடியாது, யாராலும் முடியாது. ஆனால் நீங்கள் இரண்டு முறை பார்த்திருக்கிறீர்கள், இடையில் ஒரு முழுச் சுற்று நேரம் போயிருக்கிறது. அது மதிப்புள்ள தகவல். உங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள வாக்கியமே அதுதான். இந்த நிலையில் இருக்கும் பிராணியைத் தனித் தொட்டிக்கு மாற்றிப் பரிசோதிப்பதுதான் வழக்கம். மக்கள் பார்வைக்கு வைத்திருப்பது இல்லை. அடியில் கிடந்த கூழாங்கற்களை இதோடு சேர்த்து யோசியுங்கள். உறிஞ்சிச் சாப்பிடும் பிராணி, பக்கத்தில் கிடக்கும் கல்லையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அதன் வாய்க்குள் போகிற அளவில் எந்தக் கல்லும் தொட்டியில் இருக்கக் கூடாது. மென்மையான மணல், வெறும் தரை, விழுங்கவே முடியாத பெரிய தட்டைக் கற்கள் — இவற்றில் ஒன்றுதான் சரி. நீலமும் மஞ்சளும் பார்க்கிறவர்களுக்காகப் போட்டது.

இரண்டாவது வெப்பநிலை. இதை நீங்கள் எழுதவில்லை. பார்வையாளர் கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் நான் என்றால் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். ஆக்ஸலாட்டலின் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ, சால்கோ ஏரிகள். சால்கோ வற்றடிக்கப்பட்டுவிட்டது, சோச்சிமில்கோவில் கால்வாய்கள்தான் மிச்சம். அந்தப் பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீருக்குப் பழகிய உடம்பு அது. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் அதற்கு இதமான அளவு. 20-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 24-க்கு மேல் நீடித்தால் அது நேரடியான உடல் அழுத்தம். தண்ணீர் சூடானால் பல சங்கடங்கள் ஒன்றாக வரும்: அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், பிராணியின் வளர்சிதை மாற்றம் வேகமெடுத்து அதே ஆக்சிஜனை அதிகமாகக் கேட்கும், கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடும், பாக்டீரியாவும் பூஞ்சையும் செழிக்கும். செவுளில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் நீர்ப்பூஞ்சை. இப்படிப் பலவீனப்பட்ட உடம்பில்தான் அது சுலபமாக வரும்.

வெப்பநிலையை எப்படிக் கண்டுபிடிப்பது? சில தொட்டிகளில் வெப்பமானி வெளியே தெரியும். அதைப் படம் எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் உள்ளே தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஊகிக்கலாம். ஆனால் வியர்க்கவில்லை என்பதால் தண்ணீர் சூடு என்று முடிவுகட்ட முடியாது. தடிமனான அக்ரிலிக் என்றாலோ, அறைக் காற்று உலர்ந்திருந்தாலோ வியர்க்காது. இன்னொன்று: அதே தொட்டியில் நீந்திய சின்ன மீன்கள் என்ன வகை என்று பாருங்கள். வெப்பநீர் வகை மீன்கள் அங்கே துடிப்பாக நீந்துகின்றன என்றால், அந்தத் தண்ணீர் யாருக்காகச் சூடாக இருக்கிறது என்று கேட்கலாம். மீன்கள் அங்கே இருப்பதே எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆடுகிற செவுள் இழைகளைப் புழு என்று நினைத்துச் சின்ன மீன்கள் கொத்தும். ஆக்ஸலாட்டல் பதிலுக்கு அவற்றை விழுங்கப் பார்க்கும். இரண்டு பக்கமும் நட்டம்.

செவுள் முன்பக்கமாக மடங்கியிருப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல கவனிப்பு. தண்ணீரின் ஓட்டம் அதிகமாக இருந்தாலோ, தண்ணீரின் தரம் கெட்டிருந்தாலோ செவுள்கள் அப்படி முன்னோக்கி மடங்கும். வால் நுனியும் சில சமயம் கொக்கி மாதிரி வளையும். ஒரு நொடி மடங்கி விரிவது இயல்பு, நெடுநேரம் அப்படியே இருப்பதுதான் அடையாளம். சில காட்சியகங்களில் ஃபில்டர் பம்பு மொத்த வரிசைக்கும் ஒன்றாக இருக்கும்; மற்ற மீன்களுக்கு ஏற்ற ஓட்டம் இதற்கு அதிகம். தண்ணீர் வெளிவரும் குழாயை வேறு பக்கம் திருப்பினாலே பாதி சரியாகிவிடும். செலவில்லாத திருத்தம் இது. அதனால்தான் கடிதத்தில் இதைச் சேர்க்கச் சொல்வேன்: ஒன்றையாவது உடனே செய்ய முடிந்தால் மற்றவற்றைப் பற்றிப் பேசவும் மனம் வரும்.

பாதிக் காலுக்கு நேரடியாகப் பதில் சொல்வது கஷ்டம். ஆக்ஸலாட்டல்கள், முக்கியமாக இளசுகள், ஒன்றையொன்று கடித்துவிடும். கால் திரும்பவும் முளைக்கும். அது பழைய காயம், வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பதில் வந்தால் அது உண்மையாகவே இருக்கலாம். "திரும்ப முளைக்கும்தானே, அதனால் பரவாயில்லை" என்று பதில் வந்தால் மட்டும் விடாதீர்கள். முளைக்கிறது என்பதற்காகக் கடிபடுவது வலிக்காமல் போவதில்லை. எது கடித்தது, இட நெருக்கடியா, பசியா, அளவில் பெரியதும் சிறியதும் ஒன்றாக இருக்கின்றனவா, ஆணும் பெண்ணும் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. பெண்ணை எப்போதும் ஆணோடு வைத்திருந்தால் ஓயாமல் முட்டையிட்டே அது களைத்துப்போகும்.

வெளிச்சம். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் காட்சியகங்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஆக்ஸலாட்டலுக்கு இமை கிடையாது. கண்ணை மூடிக்கொள்ளும் வசதியே அதற்கு இல்லை. மேலே பளீர் விளக்கும் கீழே ஒளிய இடமில்லாத தரையும் என்றால், ரயில் நிலைய விளக்குக்கு அடியில் கண் மூடாமல் படுத்திருப்பது மாதிரி. இருட்டான மூலைக்குப் போய்ப் படுப்பதுதான் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் ஒரே வழி. காட்சியகத்தின் தர்மசங்கடமும் எனக்குப் புரியும். பொந்து வைத்தால் பிராணி உள்ளே போய்விடும், டிக்கெட் வாங்கியவர் "எங்கே காணோம்" என்று கேட்பார். இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒரு பக்கம் கண்ணாடியை ஒட்டித் திறந்திருக்கும் அரைக் குழாய், மேலே தாழ்வான கல் மேடை, மங்கலான வெளிச்சம், மிதக்கும் செடிகளின் நிழல் — இப்படிச் செய்தால் பிராணிக்கு ஒளிந்த உணர்வும் கிடைக்கும், பார்க்கிறவருக்குப் பிராணியும் தெரியும். கண்ணாடியைத் தட்டுவதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மீன்களைப் போலவே ஆக்ஸலாட்டலுக்கும் தண்ணீரின் அதிர்வை உணரும் உறுப்புகள் தோலில் உண்டு. ஒவ்வொரு தட்டலும் அதன் உடம்பில் போய்ப் படும். ஒரு பணியாளரை நிறுத்துவதோ, கண்ணாடியிலிருந்து ஒரு அடி தள்ளிக் கம்பி போடுவதோ காட்சியகத்தின் பொறுப்பு. வெறும் அறிவிப்புப் பலகையை யாரும் படிப்பதில்லை.

சரி, யாரிடம் சொல்வது?

கவுன்ட்டரில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள், அதே சமயம் அவர்மேல் கோபமும் வேண்டாம். டிக்கெட் கிழிப்பவருக்குத் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. மிதந்துகொண்டிருப்பது, ரத்தம், பஞ்சு போன்ற பூஞ்சை, மூச்சுக்குத் தவிப்பது போன்ற அவசரங்களை அங்கேயே, அப்போதே "விலங்குப் பராமரிப்புப் பிரிவிலிருந்து யாரையாவது கூப்பிட முடியுமா?" என்று கேட்டுச் சொல்ல வேண்டும். மற்றதையெல்லாம் எழுத்தில், அந்தப் பிரிவின் பொறுப்பாளர் பெயருக்கு. கியூரேட்டர் என்றோ, பராமரிப்புத் தலைவர் என்றோ பதவிப் பெயர் இருக்கும். பொதுவான விசாரணை முகவரிக்கு அனுப்பினால் அது விளம்பரப் பிரிவுக்குப் போகும். அங்கிருந்து உங்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் வரும், அவ்வளவுதான்.

இங்கே வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தத் தொட்டியைத் தினமும் கழுவுகிற பராமரிப்பாளர், நீங்கள் பார்த்ததை உங்களுக்கு முன்பே பார்த்திருப்பார். தண்ணீரைக் குளிர்விக்க சில்லர் வேண்டும் என்று கேட்டிருப்பார். கல்லை எடுக்கலாமா என்று கேட்டிருப்பார். "இந்த வருடப் பட்ஜெட்டில் இல்லை", "அலங்காரம் நன்றாக இருக்கிறதே" என்று பதில் வந்திருக்கும். அவருக்கு நிர்வாகத்திடம் கொண்டுபோய் வைக்க ஒரு காகிதம் தேவை. உங்கள் கடிதம் அந்தக் காகிதமாக இருக்க முடியும். "கொடுமைக்காரர்கள்" என்று ஆரம்பிக்கும் கடிதத்தை அவர் எங்கேயும் கொண்டுபோக முடியாது. அதில் திட்டு வாங்குவது அவரும்தான். தேதியும் நேரமும் பார்த்ததும் கேள்வியும் மட்டுமே உள்ள கடிதத்தை அப்படியே அச்செடுத்து இயக்குநர் மேசையில் வைப்பார். எழுதும்போது அந்த மனிதரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரிக்கு இப்படி எழுதலாம்:

"மதிப்புக்குரிய விலங்குப் பராமரிப்புப் பொறுப்பாளருக்கு, இந்தத் தேதியில், இந்த நேரத்தில் உங்கள் காட்சியகத்தின் ஆக்ஸலாட்டல் தொட்டியைப் பார்த்தேன். வெளிர் நிறத்தில் இருந்த ஒன்று, வாலை மேலே தூக்கியபடி நீர்ப்பரப்பில் மிதந்துகொண்டிருந்தது. இவ்வளவு நேரம் கழித்துத் திரும்ப வந்தபோதும் அதே நிலையில் இருந்தது. வீடியோ இணைத்திருக்கிறேன். தரையில் சிறு கூழாங்கற்கள் இருந்தன. ஒளிந்துகொள்ள இடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. இரண்டு ஆக்ஸலாட்டல்களின் செவுள்கள், நான் நின்ற நேரம் முழுக்க முன்னோக்கி மடங்கியிருந்தன. நான் நிபுணர் அல்ல. இவற்றுக்கு எனக்குத் தெரியாத விளக்கம் இருக்கலாம். மிதந்துகொண்டிருந்ததை மருத்துவர் பார்த்தாரா? தொட்டியின் வெப்பநிலை எந்த அளவில் வைக்கப்படுகிறது? கூழாங்கற்களை மாற்றவும் ஒளிந்துகொள்ள இடம் வைக்கவும் திட்டம் உண்டா? கண்ணாடியைத் தட்டுவதையும் ஃபிளாஷையும் கட்டுப்படுத்த என்ன ஏற்பாடு? உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

இதில் "பாவம்", "சித்திரவதை", "சோகமாக இருந்தது" என்று எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் அப்படி உணர்ந்தது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் "சோகமாக இருந்தது" என்றால் "இல்லை, நன்றாக இருக்கிறது" என்று ஒரே வரியில் மறுத்துவிடலாம். "செவுள் மடங்கியிருந்தது" என்றால் தண்ணீரைச் சோதித்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும். கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும் என்பதும், நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பதும் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நல்ல காட்சியகத்தில் இந்த அளவுகளைக் குறித்துவைக்கும் பதிவேடு இருக்கும். கேட்டால் காட்டுவதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. அதைப் பற்றிப் பேசவே தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

வீடியோ எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஒரு நொடிப் படத்தைவிட இரண்டு மூன்று நிமிட வெட்டாத காட்சி பலமடங்கு மதிப்புள்ளது; செவுள் எப்போதாவது விரிகிறதா, மிதப்பது கீழே இறங்க முயல்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். மேலிருந்து தெரிந்தால் உடம்பின் அகலத்தைக் கவனியுங்கள். வயிறு ஏறக்குறைய தலை அளவு அகலத்தில் இருந்தால் தீனி போதுமானது. கழுத்துக்குப் பின்னால் சட்டென்று ஒடுங்கியிருந்தால் மெலிந்திருக்கிறது என்று எழுதலாம். தண்ணீருக்குள் எதையும் விடாதீர்கள், கை விரலைக்கூட. நம் கையில் இருக்கும் சோப்பும் லோஷனும் அந்தத் தோலுக்கு நஞ்சு.

இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள். பதில் வரவில்லை, அல்லது கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தது என்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். இந்த முறை இயக்குநருக்கும் ஒரு பிரதி. அதற்கும் அசையாவிட்டால் வெளியே போகலாம். காட்சியகம் ஏதாவது சங்கத்தில் அங்கீகாரம் பெற்றதா என்று நுழைவாயிலிலோ அவர்கள் இணையப் பக்கத்திலோ போட்டிருப்பார்கள். உலக விலங்குக்காட்சியகங்கள், மீன்காட்சியகங்கள் சங்கம் 2015-இல் விலங்கு நலனுக்கென்றே ஒரு வழிகாட்டுக் கொள்கையை வெளியிட்டது. உணவு, சுற்றுச்சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கும் சேர்ந்து பிராணியின் மனநிலையை எப்படிப் பாதிக்கின்றன என்று பார்க்கும் 'ஐந்து களங்கள்' முறையை அது எடுத்துக்கொண்டது. அங்கீகாரம் பெற்ற இடம் என்றால் உங்கள் கேள்விகளை அந்தக் களங்களின் பெயரிலேயே கேளுங்கள். அவர்கள் பாஷை அது. அங்கீகாரமே இல்லாத இடம் என்றால், உரிமம் வழங்கிய அரசுத் துறையும் விலங்கு நலச் சட்டத்தை அமல்படுத்தும் அமைப்பும்தான் வழி. ஒன்று சொல்லிவிடுகிறேன்: பல நாடுகளின் சட்டங்கள் பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் எழுதியிருக்கும் அளவுக்கு இருவாழ்விகளுக்கு எழுதவில்லை. அதிகாரி உதட்டைப் பிதுக்கினால் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டு கடிதங்களும் பதில்களும் கையில் இருந்தால் அவருக்கும் வேலை சுலபம்.

சமூக வலைத்தளம். நான் வேண்டாம் என்பேன், குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். காரணம் பயம் இல்லை. வீடியோ பரவினால் காட்சியகம் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: மறுப்பு அறிக்கை விடும், அல்லது சத்தமில்லாமல் தொட்டியைக் காலி செய்யும். காலி செய்த ஆக்ஸலாட்டல்கள் எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை. பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குப் போயிருக்கலாம், விற்கப்பட்டிருக்கலாம். உங்களுக்கு 'வெற்றி', அவற்றுக்கு முன்பைவிட மோசம். நடுவில் அந்தப் பராமரிப்பாளர் வசவு வாங்குவார். எழுதியும் கேட்டும் எதுவும் நடக்காமல் போய், பிறகு நீங்கள் வெளியிட முடிவு செய்தால், அப்போதும் கடிதத்தில் எழுதியதை மட்டும் எழுதுங்கள். பணியாளர் முகமோ பெயரோ வேண்டாம்.

உங்கள் மகளின் கேள்விக்கு வருவோம். ஏரியில் விடுவது அவற்றுக்கும் நல்லதில்லை, ஏரிக்கும் நல்லதில்லை. தொட்டியில் பிறந்து வளர்ந்தவை வேட்டையும் ஆபத்தும் பழகாதவை. இருவாழ்விகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் பூஞ்சையையும் வைரஸையும் வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கும் அபாயமும் உண்டு. சோச்சிமில்கோவிலேயே விட்டால் என்ன என்று அவள் கேட்கலாம், புத்திசாலிப் பெண் என்று தோன்றுகிறது. அங்கே 1998-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்று கணக்கிடப்பட்டது, 2014-இல் 40-க்கும் கீழே இறங்கிவிட்டது. தண்ணீர் மாசும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட திலாப்பியா, கெண்டை மீன்களும் முக்கியக் காரணங்கள். அந்த நாட்டின் 50 பெசோ நோட்டில் படமாக இருக்கிறது, கால்வாயில் தேடினால் கிடைப்பது அபூர்வம். ஆனால் காட்சியகத்தில் இருப்பவை அந்தக் காட்டு இனத்துக்கு நேரடி வாரிசு என்று சொல்ல முடியாது. 1863-இல் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்கு 34 ஆக்ஸலாட்டல்கள் அனுப்பப்பட்டன. அவற்றில் ஒரு வெள்ளை ஆணும் இருந்தது. உலகம் முழுக்க ஆய்வகங்களிலும் தொட்டிகளிலும் இருப்பவற்றில் பெரும்பகுதி அந்த வழி வந்தவை. தொட்டிகளில் காணும் வெளிர் இளஞ்சிவப்பும் அந்தக் குடும்பத்து நிறம்தான். பிற்காலத்தில் டைகர் சாலமாண்டர் என்ற வேறு இனத்தின் மரபணுவும் ஆய்வகத்தில் கலக்கப்பட்டது. இவற்றை அங்கே விட்டால் மிச்சமிருக்கும் காட்டு இனத்தின் மரபுதான் குழம்பும். அவை இருக்கிற தொட்டியை நல்ல தொட்டியாக மாற்ற வைப்பதுதான் உங்களால் ஆகிற உதவி என்று சொல்லுங்கள். கடிதத்தோடு, தான் பார்த்ததை அவள் ஒரு படமாக வரைந்து இணைக்கலாம். குழந்தை வரைந்த படத்தை அலுவலகத்தில் யாரும் அவ்வளவு சுலபமாகக் கிழித்துப் போடுவதில்லை.

ஏரி முடியாது என்றதும், "அப்போ நம்ம வீட்டுக்கு ஒண்ணு வாங்கலாமா?" என்று கேட்பாள். எல்லாக் குழந்தைகளும் கேட்கும். ஆக்ஸலாட்டல் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 15 வருடம் வாழும். அத்தனை வருடமும், எந்தக் கோடையிலும், 20 டிகிரியைத் தாண்டாத தண்ணீர் வேண்டும். சில்லரின் விலை, அது இரவும் பகலும் இழுக்கும் மின்சாரம், மின்சாரம் போனால் என்ன செய்வது, வாராவாரம் தண்ணீர் மாற்றுவது யார் முறை — இதையெல்லாம் அவளையே ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு முடிவு அவளே சொல்வாள்.